முதுகுல கத்தி வச்சா எந்திரிக்க மாட்டானாம்!

"முதுகுல மட்டும் கத்தி வைக்க விட்டுராதிய. வச்சா பொறவு ஆளு எந்திரிக்கவே மாட்டான்."

தென்காசிப் பக்கம் யாராவது மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டால், ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்கிறவர் டாக்டராக இருக்க மாட்டார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியாக இருப்பார், இல்லையென்றால் மச்சினனுக்குச் சித்தப்பாவாக இருப்பார். சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார். உள்ளே படுத்திருப்பவனின் பெண்டாட்டி, கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

அந்த அண்ணாச்சியின் வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. இந்தப் பதிவு முழுக்க அந்தச் சண்டைதான்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து, பைல்களைப் புரட்டிப் புரட்டி ஓய்வுபெற்ற குமாஸ்தா. வீட்டுக்காரியின் ஊர் என்பதால் தென்காசிக்கு வந்து சேர்ந்தவன். ஆனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படிக்கிற புத்தி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு "இதுல என்ன சார் போட்டுருக்கு?" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த தாள்களும், அவற்றைப் புரிந்துகொள்ள நான் படித்தவையும், நல்ல டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்தவையும்தான் என் மூலதனம்.

பள்ளியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். முதுகெலும்புக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பெயர் 'கொலோன் வெர்த்தெப்ரால்'. கொலோன் என்றால் தூண். சரியான பெயர். ஆனால் அந்தத் தூணுக்குள் ஓடும் நரம்புக் கற்றைக்கு அவர்கள் வைத்த பெயர் 'முவால்', அதாவது மஜ்ஜை. இந்த இடத்தில் தமிழ்தான் ஜெயிக்கிறது. நாம் அதைத் தண்டுவடம் என்கிறோம். வடம் என்றால் தேர் வடம் போன்ற வடம். மூளை இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த வடத்தின் வழியாகத்தான் கால் விரலுக்குப் போகிறது.

தூண் வேறு, வடம் வேறு. தூண் உடைந்தும் வடம் பிழைத்திருக்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், இனிமேல் நான் சொல்லப்போவது எதுவும் கஷ்டமாக இருக்காது.

நம் குற்றால மெயின் அருவியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் யாராவது பிழைப்பார்களா? நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் குறைந்து, அப்புறம்தான் நம் மேல் விழுகிறது. முதுகெலும்பிலும் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே ஒரு ஜவ்வு வட்டு இருக்கிறது. நடக்கும்போதும் குதிக்கும்போதும் வருகிற அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் தென்னை மர உயரத்திலிருந்து குதிகாலிலோ பின்புறத்திலோ நேராக விழுந்தால் அதனால் தாங்க முடியாது. அந்த வட்டே கீழே உள்ள எலும்புக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். எலும்பு நாலாபக்கமும் சிதறும். பின்பக்கம் சிதறிய துண்டு, வடம் ஓடும் குழாய்க்குள் போய் நிற்கும். இதைத்தான் ரிப்போர்ட்டில் 'பர்ஸ்ட் பிராக்சர்' என்று போடுகிறார்கள். டயர் வெடிக்கிறதைச் சொல்கிறோமே, அதே பர்ஸ்ட்.

இது பெரும்பாலும் நடப்பது மார்பு முதுகின் 12-வது எலும்பிலும் இடுப்பு முதுகின் முதல் இரண்டு எலும்புகளிலும்தான். மேலே விலா எலும்புகள் கூண்டு கட்டிப் பிடித்திருக்கின்றன. கீழே இடுப்பு வளைந்து கொடுக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடம் அடி வாங்குகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உயரத்திலிருந்து விழுந்தவனுக்குக் குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகையும் கட்டாயம் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த அடி ஒன்றேதான். குதிகாலில் ஏறி முதுகு வரை போயிருக்கும்.

இனி அண்ணாச்சியின் வாக்கியத்துக்கு வருவோம்.

பர்ஸ்ட் பிராக்சர் என்றாலே ஆபரேஷன் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்வதில்லை. 2005-ல் அமெரிக்காவில் வாக்காரோ என்ற டாக்டரும் அவர் சகாக்களும் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மூன்று கேள்விகள். எலும்பு எப்படி உடைந்திருக்கிறது? எலும்புகளைப் பின்பக்கம் கட்டி வைத்திருக்கும் தசைநார் அறுந்திருக்கிறதா? நரம்பு எப்படி இருக்கிறது? மொத்தம் 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபரேஷன் வேண்டாம். 5-க்கு மேல் போனாலும் 5 வந்தாலும் ஆபரேஷன் வேண்டும். 4 என்றால் டாக்டரும் நோயாளியும் பேசி முடிவு செய்யலாம்.

எலும்பு வெடித்ததற்கு 2 மதிப்பெண். தசைநாரும் நரும்பும் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் பூஜ்யம். மொத்தம் 2. ஆபரேஷன் தேவையில்லை. பெல்ட் போட்டு, வலி மாத்திரை கொடுத்து, நடக்கவிட்டு, அவ்வப்போது படம் எடுத்துக் கவனிப்பார்கள். அதே உடைப்பில் வடம் பாதி நசுங்கியிருந்தால் அதற்கு 3. மொத்தம் 5. ஆபரேஷன் வேண்டும். கவனியுங்கள்: வடம் முழுவதும் போயிருந்தால் 2 மதிப்பெண்தான், பாதி போயிருந்தால் 3. ஏன் அதிகம்? காப்பாற்றுவதற்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதால். அந்த ஒரு மதிப்பெண்ணில் எவ்வளவு கருணை இருக்கிறது பாருங்கள்!

நரம்பு கெடாத பர்ஸ்ட் பிராக்சருக்கு ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு, 47 பேரைப் பற்றி 2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கத்தி வைத்ததால் அவர்களுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைப் பார்த்து 2015-ல் எழுதியபோது, ஆபரேஷன் இல்லாதவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் உலகம் அறிந்த முதுகெலும்பு நிபுணர். அவரே 2010-ல், நரம்பு கெடாத பர்ஸ்ட் பிராக்சருக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியத்தின் இடம் என்ன என்று ஐரோப்பியப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். கத்தியைக் கையில் வைத்திருக்கிறவர்களே 'எப்போது வேண்டாம்' என்று கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். கத்தியைத் தொடாத அண்ணாச்சிதான் 'எப்போதுமே வேண்டாம்' என்கிறார்.

அவருக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நான் பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிக்கிறவர் ஒருவர் மட்டையோடு விழுந்தார். விழுந்த இடத்தில் கால் விரல்களை ஆட்டினார், அதைப் பார்த்தவர்கள் உண்டு. இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். நெல்லு மூட்டையைத் தூக்குகிற மாதிரி நடு முதுகு தொங்கத் தொங்கத் தூக்கி, லோடு ஆட்டோவில் போட்டார்கள். பள்ளம் மேடெல்லாம் குதித்துக்கொண்டு ஆட்டோ போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கால் மரத்துக்கொண்டு வருகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். வராந்தாவில் அந்த வாக்கியம் வந்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூலிகைக் கட்டு, எண்ணெய் எல்லாம் நடந்தது. ஒரு வாரம் கழித்து மூத்திரம் போகாமல் வயிறு உப்பித் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது ஆபரேஷன் நடந்தது. அவர் நடக்கவில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பாத்தியளா, கத்தி வச்சாங்க, கால் போச்சு."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். பனைக்காட்டு ஊரில் இருந்துகொண்டு இந்தப் பழமொழி மறந்துபோகலாமா? அவர் முதுகுக்கு நேர்ந்த வரிசையைப் பாருங்கள். முதலில் மரம். அடுத்து நாலு பேர் கை. அதற்கடுத்து லோடு ஆட்டோ. அப்புறம் ஒரு வாரம். எல்லாம் முடிந்து கடைசியில் வந்ததுதான் கத்தி. கடைசியாக வந்தவன் மேல் மொத்தப் பழியையும் போடுகிறோம். நசுங்கிய வடத்தின் மேலிருக்கும் அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் மீள்வதற்கு வாய்ப்பு கூடுதல் என்பது இன்று பெரும்பாலான நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். நாம் ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு டாக்டரைத் திட்டுகிறோம்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் உத்தமர்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். சாரத்திலிருந்து விழுந்த உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு, இரண்டு காலும் நன்றாக அசைந்துகொண்டிருக்கும்போதே, "இன்றைக்குள் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் படுத்த படுக்கைதான்" என்று ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பயமுறுத்தினார்கள். பெயர் வேண்டாம். அவன் அப்பா என்னைக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு முதுகெலும்பு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் எம்.ஆர்.ஐ. பார்த்தார், தசைநார் அறுபடவில்லை என்றார், காலைத் தட்டிப் பார்த்தார், மூன்று மாதம் பெல்ட் போடச் சொன்னார். பையன் இப்போது டிராக்டர் ஓட்டுகிறான். ஆக, பேராசை பிடித்த ஆஸ்பத்திரி உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மருந்து இன்னொரு டாக்டரின் கருத்து. வராந்தாவில் நிற்பவரின் கருத்து அதற்கு மருந்தாகாது.

நம் கட்டு வைத்தியர்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. கை எலும்பு விலகினால், கால் பிசகினால், தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கை அது. ஆனால் முதுகெலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்ட முடியாது. வெடித்த துண்டு உள்ளே எங்கே நிற்கிறது என்று எந்த விரலாலும் தடவிப் பார்க்க முடியாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சிகளுக்கும் இதே வேண்டுகோள்தான். சீசன் நேரத்தில் சாரல் அடிக்க உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கிற சுகம் எனக்கும் தெரியும். ஆனால் "விழுந்துட்டேன், நடு முதுகுல ஒரே வலி, கொஞ்சம் அமுக்கி விடுங்க" என்று ஒருவர் வந்தால், தயவுசெய்து கை வைக்காதீர்கள். முதலில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சரி, கத்தி வைத்தால் உள்ளே என்னதான் செய்கிறார்கள்? வடத்தை வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. அண்ணாச்சி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் இருக்கும் நல்ல எலும்புகளில் டைட்டானியம் திருகாணிகளை இறக்கி, இரண்டு பக்கமும் கம்பி கொடுத்து, தூணை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். தேவைப்பட்டால் வடத்தை அழுத்தும் எலும்புத் துண்டை எடுத்துவிடுகிறார்கள். இடிந்த சுவருக்கு முட்டுக் கொடுத்து, உள்ளே மாட்டிக்கொண்ட கயிற்றை விடுவிக்கிற வேலை. எலும்பின் காம்பு வழியாகத் திருகாணி இறக்கும் இந்த வித்தையை 1960-களிலேயே பாரிஸில் செய்து காட்டியவர் ரெய்மோன் ரொய்-கமிய் என்ற டாக்டர். அவர் பிறந்தது பிரான்சில்கூட இல்லை, மர்த்தினிக் தீவில். ஒரு பிரெஞ்சுக் காலனிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடம் முழுவதும் போய்விட்டவருக்கும் இந்த முட்டு பல நேரம் உதவும். கால் வராது. ஆனால் மாதக்கணக்கில் மல்லாந்து கிடக்காமல் சீக்கிரமே உட்கார வைத்து, சக்கர நாற்காலிக்கு மாற்ற முடியும். ஏன் அது முக்கியம்? முதுகு உடைந்தவர்களை முன்காலத்தில் கொன்றது முதுகு இல்லை. படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொற்றும்தான். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது, மூத்திரப்பையைக் கவனிப்பது என்ற சாதாரண வேலைகளைக் கண்டிப்பாகச் செய்யவைத்து அந்த மரணத்தை நிறுத்திக் காட்டினார். 1948-ல் அங்கே சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிதான் இன்றைய பாராலிம்பிக்ஸுக்கு வித்து.

இந்த இடத்தில் அண்ணாச்சியின் வாக்கியத்தின் இரண்டாம் பாதியையும் பிடித்துக்கொள்கிறேன். "எந்திரிக்கவே மாட்டான்" என்கிறாரே, எழுந்திருக்காவிட்டால் ஆள் முடிந்துபோனான் என்றா அர்த்தம்?

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழும்பியது அவரால்தான். 1972-ல் பத்மஸ்ரீ.

வேலூர் தூரம் என்கிறீர்களா? ஆய்க்குடிக்குப் போங்கள். தென்காசியில் பஸ் ஏறினால் உட்கார்ந்து வியர்வை காய்வதற்குள் வந்துவிடும். அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் இன்ஜினியரிங் மாணவராகக் கடற்படை அதிகாரி தேர்வுக்கு பெங்களூர் போனவர். அங்கே நடந்த பரீட்சையில் விழுந்து கழுத்துப் பகுதி முதுகெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனது. அவருடையது கழுத்து, நாம் பேசுகிற இடுப்பைவிட மோசமான இடம். 1981-ல், ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டில், அவர் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது தமக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். ஒரு டாக்டருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்த எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்து அந்தச் சங்கத்தை வளர்த்தார். முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் புண் வராமல் உட்காரவும், நாற்காலிக்கு மாறவும், தொழில் செய்யவும் அங்கே பழக்குகிறார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. எந்திரிக்காத ஒரு மனிதர் எத்தனை பேரை எந்திரிக்க வைத்திருக்கிறார்! இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு, உடைந்தவனை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறோம்.

ஊர்வாயோடு போட்ட சண்டை போதும். சர்க்காரோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசே செலவை ஏற்கும். தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அருமையான திட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்க அரசாணை படித்தவன் கண்ணுக்கு அதில் ஒரு சொல் உறுத்துகிறது: 'சாலை'. பைக்கிலிருந்து விழுந்தவன் முதுகு உடைந்தால் 48 மணி நேரம் உண்டு. பனையிலிருந்து விழுந்தவன் முதுகு உடைந்தால் கிடையாது. கிணற்றுக்குள் தவறியவனுக்குக் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்த சித்தாளுக்குக் கிடையாது. அரசு ஆஸ்பத்திரி எப்போதும் இலவசம்தான், முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் உண்டுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அட்டை வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். வடத்துக்கு அது தெரியாது. அந்தக் கெடு நேரத்துக்காகத்தானே 48 என்று பெயர் வைத்தீர்கள்? 'சாலை விபத்து' என்பதோடு 'உயரத்திலிருந்து விழுதல்' என்று இரண்டு சொல் சேர்த்துவிட முடியாதா? எங்கள் பக்கத்தில் மரம் ஏறுகிறவன் ரோட்டில் போகிறவனுக்குக் குறைந்த குடிமகனா?

இதை மாவட்ட ஆட்சியருக்கு மனுவாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் சரியென்று பட்டால் நீங்களும் ஒன்று எழுதுங்கள். ஒரே மனு பைலில் தூங்கும். நூறு மனு வந்தால் செக்ஷனில் யாராவது ஒருவர் குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அரசாங்கம் அசையும் வரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். யாராவது உயரத்திலிருந்து விழுந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும் வரை அசையாமல் படுத்திருக்கச் சொல்லி, ஒருவர் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நகர்த்தியே தீர வேண்டும் என்றால், தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து, மரத்தடியைப் புரட்டுகிற மாதிரி ஒரே நேரத்தில் புரட்டி, அடியில் பலகை கொடுங்கள். பலகை இல்லையென்றால் கதவைக் கழற்றுங்கள். கால் விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று பார்த்து, மணியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் 'ஆபரேஷன்' என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: நரம்பு எப்படி இருக்கிறது, தசைநார் எப்படி இருக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும்? சந்தேகம் இருந்தால் அன்றைக்கே இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த நேரத்தில் வராந்தாவில் நிற்கும் அண்ணாச்சி வாயைத் திறந்தால், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் கொடுக்க வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படியாவது அவரால் ஒரு உபகாரம் நடக்கட்டும்.